கேட்காமல் திறந்த அறை

ஜூலை 19, சனி

காலையிலிருந்து காற்று. ஆடி பிறந்து மூன்று நாள்தான், அதற்குள் மாடியில் காயப்போட்ட துண்டு இரண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. போய்க் கேட்டு வாங்கிவந்தேன்.

செய்ய வேண்டியது:
– மருந்து டிரம் இரண்டு, மதுரைக்குச் சொல்ல வேண்டும்
– டிரில் பிட் மழுங்கிவிட்டது. புதிது.
– முருகேசனுக்கு முகமூடி. போடமாட்டார். வாங்கியாவது வைப்போம்.
– தளத்தில் இன்றைய பதிவு

கடைசியைத்தான் இரவு வரை தள்ளிப்போடுவேன். தொழில் செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் கூடி ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிற அந்த இணையத்தளத்தில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. அதில் தொழிலை வளர்ப்பது எப்படி என்று ஒரு வகுப்பு, வாரம் ஒருமுறை, திரையில். கோயம்புத்தூர் அம்மா ஒருவர் எடுக்கிறார். கோச் என்று கூப்பிட வேண்டுமாம். தினம் ஒரு பதிவு, ஐந்து பேருக்குக் கருத்து, "உங்க கதையைச் சொல்லுங்க."

கரையானுக்கு மருந்து ஏற்றுகிறவளுக்கு என்ன கதை இருக்கிறது? பதினொரு வருஷம் கல்லூரியில் வேதியியல் நடத்தினேன். அலுத்துவிட்டது. ஆறு வருஷமாக இந்தத் தொழில். முருகேசன் முதற்கொண்டு நாலு பேர். காரைக்குடியில் இன்னமும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதை ஏற்கெனவே மூன்று விதமாக எழுதிப் போட்டாயிற்று. மூன்றுக்கும் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் என் பழைய மாணவிகள்.

இன்று போட்டது: உத்தரத்தைத் தட்டிப் பார்த்து உள்ளே பொள்ளலா என்று கண்டுபிடிப்பது எப்படி. பதினேழு பேர் பார்த்தார்கள். அதில் நானே நாலு தடவை.

ஜூலை 20, ஞாயிறு

மீன் வாங்கவில்லை. இவர் விடைத்தாள் திருத்துகிறார். தேவகோட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளைகளோடுதான்.

பத்தரைக்குப் போனைப் பார்த்தேன். பெங்களூர்க்காரர் ஒருவர் தளத்தில் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்தும் கம்பெனி. இந்தப் பக்கம் ஐந்து வீடு எடுத்திருக்கிறார்கள். ஐந்துக்கும் சேர்த்து ஒரே ஆளிடம் கரையான் வேலையைக் கொடுக்க எண்ணம். உத்தரம் தட்டும் பதிவைப் பார்த்தாராம். (பதினேழில் ஒருவர்!) ஒரு வீட்டை முழுசாக முடித்த படம் உண்டா, முன்னும் பின்னும், புதன்கிழமைக்குள் போட முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

முழுசாக என்பதில்தான் சிக்கல். இங்கே பெரிய வீடு எதுவும் ஒருவர் கையில் இல்லை. ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்கு, பன்னிரண்டு பங்கு. வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி ஆளுக்கொரு அறை, அறைக்கொரு பூட்டு. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோலாலம்பூரில், ஒன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. பங்குக்காரர் சொல்லாமல் அவர் அறையைச் சொந்தத் தம்பிகூடத் திறக்கமாட்டார். மழை ஒழுகினாலும் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களே தவிரத் திறக்கமாட்டார்கள். அதனால் தொழில் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். எந்த அறையானாலும் அந்தப் பங்குக்காரரை நானே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். வீடு வாரியாக எண்கள் எழுதிய நோட்டு உண்டு. பல வீட்டில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் அந்த நோட்டுதான் காரணம், மருந்து அல்ல.

நாளை மெய்யப்பன் வீட்டு வேலை தொடங்குகிறது. அவர் சென்னையில் கட்டடச் சாமான் வியாபாரம். எட்டுப் பங்கில் ஒன்று அவருடையது, சாவிக்கொத்தும் அவரிடம்தான் இருந்தது, கொடுத்தனுப்பியிருக்கிறார். வீட்டைக் குத்தகைக்கு விட்டு விடுதியாக்கும் யோசனை. முன், பின் இரண்டுக்கும் இதுவே சரி.

ஜூலை 22, செவ்வாய்

கண்ணெல்லாம் மரத்தூள். அந்தந்தப் பங்குக்காரரைக் கேட்டு ஏழு அறை முடிந்தது. எட்டாவதற்குச் சாவி கொத்தில் இல்லை. பெரிய பித்தளைப் பூட்டு.

அந்தச் சுவரில்தான் கரையானின் மண்கோடு ஏறி உத்தரத்துக்குப் போகிறது. ஏழு அறைக்கு மருந்து ஏற்றி இதை விட்டால் ஆறு மாதத்தில் எல்லாம் திரும்பி வரும்.

மெய்யப்பனைக் கூப்பிட்டேன். எல்லாரிடமும் பேசியாயிற்று, பூட்டை அறுத்துவிடுங்கள் என்றார்.

முருகேசன் அறுக்கும் பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அந்தப் பங்குக்காரவுகள ஒரு வார்த்தை கேட்டுக்கிருவமா மேடம்? எப்பவும் கேப்பீகள்ல."

எண் நோட்டில் இருக்கிறது. வள்ளியம்மை, சிங்கப்பூர், ஆடிட்டர். கூப்பிட்டிருக்கலாம். எடுக்காவிட்டால்? யோசித்துச் சொல்கிறேன் என்றால்? புதன் நாளைக்கு. மெய்யப்பன் சொன்னால் போதும், அறுங்கள் என்றேன்.

அறுத்தார். அவர் பேசாமல் வேலை செய்தால் எனக்குப் பிடிக்காது.

உள்ளே நினைத்ததைவிட மோசம். கூரையைத் தாங்கும் கைமரம் மூன்று வெறும் தோல். படம் பிரமாதமாக வந்திருக்கிறது.

ஜூலை 23, புதன்

காலை ஏழு மணிக்குப் போட்டேன். எட்டாவது அறை, முன்னும் பின்னும். "எட்டு அறை, இரண்டு நாள், ஒரு கரையான் மிச்சமில்லை. விரைவில் விடுதியாகப் போகும் ஒரு செட்டிநாட்டு வீடு." ஆங்கிலத்தில், கோச் சொன்னபடி வரிக்கு வரி இடைவெளி விட்டு.

எட்டு மணி – நாற்பது பேர்.
பதினொன்று – அறுநூறு.
சாப்பாட்டு நேரம் – ஆயிரத்துக்கு மேல். கோவைக்காய் கருகியது.

யார் யாரோ எழுதுகிறார்கள். டென்மார்க்கில் ஒரு கட்டடக் கலைஞர். ஜெய்ப்பூரில் அரண்மனை பார்த்துக்கொள்ளும் ஒருவர். கோச் மூன்று நெருப்புப் படம் போட்டார். பெங்களூர்க்காரர்: அருமை, வெள்ளிக்கிழமை பேசுவோம்.

உட்கார முடியவில்லை. நின்றால் நிற்க முடியவில்லை. எதையோ வாங்கக் கடைக்குப் போய், எதை என்று மறந்து, வெறுங்கையோடு வந்தேன். சந்தோஷம்தான். சந்தோஷம் என்றால் இப்படியா படபடக்கும்?

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. கோயில் பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம், ஒலிபெருக்கி.

காலை: பெ.கா. (பெங்களூர்க்காரரை இனி இப்படியே எழுதுகிறேன்) பேசினார். கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். அடுத்த மாதம் நேரில் வருகிறார். பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். தலையில் தூக்கிக்கொண்டே போவேன்.

மத்தியானம் மூன்றரை: தளத்தில் ஒரு செய்தி. அப்படியே எழுதி வைக்கிறேன்.

"என் பெயர் வள்ளியம்மை. நீங்கள் படம் எடுத்திருப்பது என் அறை. அதைத் திறக்க உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? இந்த வீடு விடுதியாகப் போகிறது என்று நீங்கள் எழுதித்தான் எனக்குத் தெரியும். முதல் படத்தில் இடது மூலையில் தரையில் கிடப்பது என் அப்பச்சி படம்."

அப்பச்சி என்றால் அவர்கள் பேச்சில் அப்பா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலை. மரத்தூளுக்கும் உடைந்த ஓட்டுக்கும் நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம், மல்லாக்க. நெற்றியில் விபூதி, கோட்டு. சந்தனமாலை பாதி சட்டத்தின் மேல், பாதி தூளில். அதற்கு அரை அடி தள்ளி முருகேசனின் செருப்பு.

இரண்டாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். என் கண்ணில் கைமரம் மட்டும்தான் பட்டிருக்கிறது.

பதில் எழுதவில்லை. ஐந்து தடவை தொடங்கி அழித்தேன்.

ஜூலை 26, சனி

முருகேசனிடம் கேட்டேன். டிரில் அதிர்வில் விழுந்து உடையும் என்று அவர்தான் ஆணியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். நாற்காலி மேல் வைத்தாராம். படம் பிடிக்க மறைக்கிறது என்று நாற்காலியை நான்தான் எடுக்கச் சொன்னேனாம். சொல்லியிருப்பேன். "வேலை முடிச்சுத் துடைச்சு மாட்டிட்டேன் மேடம்" என்றார், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. மாட்டியது எந்தப் படத்திலும் இல்லையே.

பதிவை எடுத்துவிடலாம். ஒரு விரல் வேலை. ஆனால் பெ.கா. அந்தப் பதிவைத்தான் அவர் மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறார். எடுத்தால் ஏன் என்று கேட்பார். எடுக்காவிட்டால் அந்த அப்பச்சி இன்னும் தரையில்தான் கிடப்பார்.

மாலை: எடுக்கவில்லை. பார்த்தவர்கள் மூவாயிரம். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

ஜூலை 28, திங்கள்

சந்தை. வெயில், புழுதி. முருங்கைக்காய் மட்டும் மலிவு.

காய்க்காரியிடம் ஒரு ஆச்சி பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "அந்த மருந்தடிக்கிற டீச்சர் பூட்ட அறுத்துப்புட்டாகளாம்ல." என்னைப் பார்த்ததும் வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டென்மார்க்குக்குப் போனது சந்தைக்கும் வந்திருக்கிறது.

பதினொரு மணிக்கு மெய்யப்பன் போன். வள்ளியம்மை வக்கீல் வைத்துவிட்டாராம். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயம். சுற்றி வளைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு சின்ன ஒத்தாசை டீச்சர். நிலைய கரையான் தின்னு, கதவு தானா விழுந்து கெடந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்துருங்க. நீங்க படிச்சவுக. உங்க லெட்டர்ஹெட்ல வந்தா ஒருத்தரும் மறுபேச்சுப் பேசமாட்டாக."

எல்லாரிடமும் பேசியாயிற்று என்றீர்களே என்றேன். பேசலாம் என்றுதான் இருந்தாராம்.

"நம்ம ஊர்லதான தொழில் பண்ணப் போறீக" என்று சொல்லி வைத்துவிட்டார். அவருடைய சித்தப்பா, மாமனார், பெண் கொடுத்த வீடு எல்லாம் என் நோட்டில் இருக்கிறது.

நிலையின் அடியில் ஒரு சாண் அரித்திருந்தது உண்மை. அந்த ஒரு சாணை ஆறடியாக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எழுதினால் எல்லாருக்கும் நல்லது. அவருக்கு வழக்கு இல்லை, எனக்குப் பெ.கா. உண்டு, அந்தம்மாவுக்கும் ஒரு சமாதானம்.

தட்டச்சு செய்தேன். முழுப் பக்கம். நன்றாகவே வந்தது. அச்செடுக்கவில்லை.

ஜூலை 30, புதன்

இரண்டு நாளாக அந்தப் பக்கம் கணினியில் திறந்தே கிடக்கிறது.

இவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "நீ லேப்ல இருந்தப்ப, வராத ரீடிங்க வந்துச்சுன்னு எழுதுன பிள்ளைகள என்ன செய்வ?" என்றார். சிவப்பு மையில் பக்கம் முழுக்கக் கோடு போடுவேன். அவருக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறார். கோபத்தில் சாப்பிடாமல் எழுந்தேன். பத்து நிமிஷம் கழித்து வந்து சாப்பிட்டேன்.

நாலு மணிக்கு நோட்டைப் பார்த்து சிங்கப்பூர் எண்ணைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எடுக்கமாட்டார் என்று போன வாரம் நினைத்ததை நினைத்துக்கொண்டேன்.

யார் என்று சொன்னேன்.

"பூட்டு எப்படி இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சு. நான்தான் அறுக்கச் சொன்னேன்."

"மெய்யப்பன் சொன்னாகளா?"

"சொன்னாங்க. ஆனா உங்க நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. நான் கேக்கல."

அழுவார் அல்லது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. அறையில் இருந்த பெட்டி ஒவ்வொன்றையும் கேட்டார், எது எங்கே இருந்தது, எதை நகர்த்தினோம் என்று. ஆடிட்டர் கேட்பது போலவே. தெரிந்ததைச் சொன்னேன். கடைசியாக:

"எங்கப்பச்சி தரையில கெடந்தத நாலாயிரம் பேர் பாத்துட்டாக. இப்ப எங்கிட்ட சொன்னீகள்ல, அத அந்த நாலாயிரம் பேரும் பாக்கணும். அங்கனயே எழுதுங்க."

சரி என்றேன். ஐந்து நாளில் இன்றைக்குத்தான் மூச்சு முழுசாக உள்ளே போனது.

ஜூலை 31, வியாழன்

மெய்யப்பனுக்கு: ரிப்போர்ட் தரமுடியாது, நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். இரண்டு வரி. பதில் இல்லை.

பெ.கா.வுக்கு: ஆறு வரி. பதிவில் பார்க்கும் முன்பு என்னிடமிருந்து தெரியட்டும்.

பத்து மணிக்குப் பழைய பதிவை எடுத்தேன். புதியதைப் போட்டேன். படம் இல்லை. பங்கு வீடு என்றால் என்ன, ஓர் அறையை யார் திறக்கலாம், நான் யாரைக் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை (அவசரம், ஆசை), தரையில் கிடந்தது யார் படம். மன்னிப்பு. ஒருவர் பெயரும் இல்லை, என் பெயர் தவிர. வரிக்கு வரி இடைவெளி விடவில்லை.

போட்டுவிட்டுப் போய் மாவு அரைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

கணக்கெடுத்தால் சிரிப்பு வருகிறது. சிரிக்க முடியவில்லை.

– பார்த்தவர்கள் முப்பதாயிரத்தைத் தாண்டியாயிற்று.
– கோச்: "இதுதான் கதை! இதை வகுப்பில் பாடமாக வைக்கலாமா?"
– ஜெய்ப்பூர்க்காரர்: உங்களைப் போல் நேர்மையானவர்தான் வேண்டும், அரண்மனைக்கு வர முடியுமா?
– புனே, கொச்சி, கண்டி. எல்லாரும் வேலை தருகிறேன் என்கிறார்கள்.
– யாரோ ஒருவர் என் மன்னிப்பை எடுத்துத் தலைமைப் பண்பு பற்றி எழுதி அவர் பெயரில் போட்டிருக்கிறார்.
– பெ.கா.: தனிப்பட்ட முறையில் மிகவும் மதிக்கிறாராம். சட்டப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லையாம்.
– வள்ளியம்மை: "படித்தேன். சொன்னதைச் செய்ததற்கு நன்றி. என் வக்கீல் உங்களிடம் வாக்குமூலம் கேட்பார்."
– காரைக்குடியிலிருந்து: ஒரு போன்கூட இல்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது, வீடெல்லாம் சும்மா கிடக்கும், எங்களுக்கு அதுதான் சீசன். போன ஆடியில் போனைக் கீழே வைக்க நேரமில்லை.

வேலை தருகிற ஊர் எல்லாம் ரயிலோ விமானமோ ஏறிப் போகிற ஊர். நாலு பேரையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு ஜெய்ப்பூருக்கா போவேன்? முருகேசன் மதுரையைத் தாண்டினாலே சோறு பிடிக்கவில்லை என்பார்.

அழுதேன். கொஞ்சம்தான். இவர் பார்க்கவில்லை. பார்த்திருப்பார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூட்டம். மழை வரும்போல இருந்து வரவில்லை.

வருஷா வருஷம் பார்க்கும் பத்துப் பங்கு வீடு ஒன்று, போன மாதமே தேதி குறித்தது. வரவேண்டாம் என்று யாரும் சொல்லாததால் போனோம். காவல் இருப்பவர் கருப்பையா அண்ணன். ஆறு வருஷமாக என்னைக் கண்டதும் சாவிக்கொத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். நான் முடித்துப் பூட்டியபிறகுதான் வருவார்.

இன்று கொத்து அவர் இடுப்பிலேயே இருந்தது. முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா நெனைக்காதீக டீச்சர். பங்குக்காரவுக போனை வாங்கி வச்சுட்டுத்தான் உள்ள விடச் சொல்லியிருக்காக. கூடவே இருந்து பாக்கவும் சொன்னாக."

என் போன், முருகேசன் போன், மற்ற மூவர் போன், ஐந்தையும் ஒரு மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டார். எனக்கு முகம் எரிந்தது. முருகேசன் பேச வாயெடுத்தார், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

அறைக்கு அறை பின்னாலேயே வந்தார். மரத்தூளில் இருமினார். முருகேசனுக்கு வாங்கிய முகமூடியை அவருக்குக் கொடுத்தேன். பையில் என் போன் விடாமல் முனகிக்கொண்டே இருந்தது. யாரோ கூப்பிடுறாக டீச்சர் என்றார் இரண்டு தடவை. அவசரமானவர்கள் இல்லை அண்ணே என்றேன்.

ஒன்பது அறை முடிந்தது. பத்தாவதுக்கு அவரிடமும் சாவி இல்லை. பங்குக்காரர் திருப்பூரில் இருக்கிறார். எப்போதும், சாவி முகப்பு அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று நான் கேட்டு முடிக்கும் முன்பே சொல்கிறவர். பையிலிருந்து போனைக் கேட்டு வாங்கினேன். கருப்பையா அண்ணன் பக்கத்திலேயே நின்றார். முருகேசன் டிரில்லை அணைத்துவிட்டார்.

எடுத்தார். நான்தான் என்றேன். அறையைத் திறக்கலாமா என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனைத் திரும்பப் பையில் போட்டேன். வளவில் உட்கார்ந்தோம், ஆறு பேரும். ஐந்து மணிவரை.